எல்லாவற்றையும் அடித்த பிறகு

இப்போதெல்லாம் பிள்ளையை வண்டியில் ஏற்றிவிடுகிறவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. ஒரு கையில் கைபேசி. இன்னொரு கையால் பிள்ளையின் முதுகில் ஒரு தள்ளு. அவ்வளவுதான், கடமை முடிந்தது. சாயங்காலம் நான் வேறு யாருடைய பிள்ளையையாவது இறக்கிவிட்டால்கூட, "சரிங்க பெரியவரே" என்று கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு போட்டுவிடுவார்கள். படுக்கப் போகும்போதுதான், நம்ம பிள்ளைக்கு மூக்கு இப்படி இருக்காதே என்று யோசிப்பார்கள்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பிள்ளைகள் என்றால் எனக்கு உயிர் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். சீட்டைக் கிழிப்பார்கள். ஜன்னல் கண்ணாடியில் எச்சில் தொட்டுப் படம் வரைவார்கள். ஆனால் என் தலைக்கு மேலே ஒரு கண்ணாடி இருக்கிறது. பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பதற்காக வைத்தது. அதில் ஆறு முகங்களும் சேர்ந்து தெரிந்து தொலைக்கின்றன.

அந்த ஆறு பேரின் பெயரும் எனக்கு மனதில் நிற்காது. அதனால் நானே பெயர் வைத்துக்கொண்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, கேட்காத கேள்விக்கும் பதில் சொல்கிறவன் புரொபசர். எப்போதும் ஒரே நேரத்தில் பேசுகிற இரண்டு பையன்கள் ரெட்டையர்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஏறினதும் ஜன்னலில் தலையைச் சாய்த்துவிடுவாள். அவள் தூங்குமூஞ்சி. எல்லாருக்கும் சின்னது வாண்டு. காலில் செருப்பு நிற்காது, வாயில் அழுகை நிற்காது.

ஆறாவது ஆள் முணுமுணு. ஏழாம் வகுப்பு. உதடு எப்போதும் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். முன்பு பாட்டை முணுமுணுப்பாள். இந்த வருஷம் கணக்கை முணுமுணுத்தாள். பாட்டு முணுமுணுக்கும்போது முகம் ஒரு மாதிரி இருந்தது. கணக்கு வந்த பிறகு, பல் வலிக்காரன் முகம் மாதிரி ஆகிவிட்டது. அவள் அம்மா அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். என் தலையெழுத்து, கண்ணாடி அங்கே இருக்கிறது.

கணக்கு என்றால் ஏதோ காய்கறி விலை, பால் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இது வேறு. எக்ஸ் என்று ஒரு எழுத்து. அதன் தலைமேல் பொடியாக ஓர் எண்ணை உட்காரவைக்கிறார்கள். அதற்கு அடுக்கு என்று பெயர். x³ என்றால் எக்ஸை மூன்று தடவை எழுதிப் பெருக்க வேண்டுமாம். x × x × x. சரி, போகட்டும். இப்படி மேலேயும் கீழேயும் ஒரு கூட்டத்தை நிறுத்திவிட்டு, பக்கத்தில் 'சுருக்குக' என்று எழுதுகிறார்கள். நான் கேட்கிறேன், சுருக்கத்தானே போகிறீர்கள்? முதலிலேயே சுருக்கமாக எழுதித் தொலைத்தால் என்ன?

அது மட்டுமா? x²-ஐயும் x³-ஐயும் பெருக்கச் சொன்னால், மேலே இருக்கிற இரண்டையும் மூன்றையும் கூட்டி x⁵ என்று எழுத வேண்டுமாம். வகுக்கச் சொன்னால் கழிக்க வேண்டுமாம். பெருக்கு என்றால் கூட்டு, வகு என்றால் கழி. ஒரு கடைக்காரன் இப்படிக் கணக்குப் போட்டால் சும்மா விடுவீர்களா? பள்ளிக்கூடத்தில் போட்டால் மட்டும் விதி என்கிறார்கள்.

இந்த விதியில்தான் அந்தப் பெண் மாட்டிக்கொண்டாள்.

அவர்கள் கணக்கு சார் ஒரு முறை வைத்திருந்தார். அதற்குச் சங்கிலிக் கணக்கு என்று பெயர். வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும். ஒரு பெஞ்சுக்கு நான்கு பேர். பெஞ்சுக்கு ஒரு தாள். எல்லாப் பெஞ்சுக்கும் ஒரே கணக்கு. முதல் ஆள் அடைப்புக்குறியைப் பிரித்து ஒரு வரி எழுதி அடுத்தவனிடம் தள்ள வேண்டும். இரண்டாவது ஆள் மேலே இருப்பதைச் சேர்ப்பான். மூன்றாவது ஆள் கீழே இருப்பதைச் சேர்ப்பான். நான்காவது ஆள் மேலும் கீழும் அடித்து, மிச்சத்தை விடையாக எழுதுவான். ஒருத்தர் எழுதியதை இன்னொருத்தர் திருத்தக் கூடாது. விடை தப்பானால் நான்கு பேருக்கும் மதிப்பெண் போச்சு. எந்த வரியில் சங்கிலி அறுந்ததோ, அந்த வரியை எழுதினவர் சுவர் மேசைக்குப் போக வேண்டும்.

சுவர் மேசை என்றால், வகுப்பின் மூலையில் அலமாரிக்கும் குப்பைக்கூடைக்கும் நடுவில் கிடக்கும் ஒற்றை மேசை. மின்விசிறிக் காற்று அங்கே வராது. பக்கத்தில் ஆள் கிடையாது. வேறொருவர் சங்கிலியை அறுக்கிற வரைக்கும் அங்கேதான் இருக்க வேண்டும்.

முணுமுணு அங்கே போய்ப் பல வாரம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை சங்கிலிக்காக மட்டும் பழைய பெஞ்சில் கடைசி ஆளாகக் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள். இருப்பதிலேயே சுலபமான வேலை என்று சார் அவளுக்குக் கடைசி வரியைக் கொடுத்திருந்தார். அடித்துவிட்டு மிச்சத்தை எழுத வேண்டும், அவ்வளவுதான். அவள் தப்பாக எழுதுவாள். பையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் சுவரோரம் போவாள்.

வேனில் இதையெல்லாம் எனக்குச் சொன்னது புரொபசர்தான். அவனும் அதே வகுப்பு, வேறு பெஞ்சு. அவன் பெஞ்சு ஒருநாளும் தோற்றதில்லை. அவள் ஏறும்போதெல்லாம், "முட்டை வருது, உடையாம வழி விடுங்க" என்பான். ரெட்டையர்கள் காலை ஒதுக்கி வழி விடுவார்கள். அவள் என் சீட்டுக்குப் பின்னால் வந்து உட்காருவாள்.

ஒருநாள் சாயங்காலம், மற்றவர்கள் வருவதற்குள் அவள் வந்துவிட்டாள். தாளை என் முன்னால் நீட்டினாள். மேலே வரிசையாக x. கீழேயும் வரிசையாக x. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஜோடி ஜோடியாக எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்திருந்தாள்.

"தாத்தா, இதுல மிச்சம் என்ன இருக்கு?"

நன்றாகப் பார்த்தேன். எண்ணெய் போட்டுத் துடைத்த மாதிரி எல்லாம் அடிபட்டுக் கிடந்தது.

"ஒண்ணுமில்ல," என்றேன்.

"அதனாலதான் நான் பூஜ்யம்னு எழுதினேன்."

"சரியாத்தானே எழுதியிருக்கே?"

அவள் முகத்தில் ஒரு நிமிஷம் வெளிச்சம் வந்தது. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தாத்தா, நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?"

"மூணாவது. அதுவும் பாதியில நின்னாச்சு."

அவள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "அப்ப நான் போட்டது தப்புதான்," என்றாள்.

கோபப்படலாம் என்று பார்த்தேன். கோபப்பட எதுவும் கிடைக்கவில்லை.

விடை ஒன்று என்று சார் சொல்லியிருக்கிறாராம். எல்லாம் அடிபட்டால் ஒன்று மிஞ்சும், மனப்பாடம் பண்ணிக்கொள் என்றாராம். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் அம்மாவும் தெருமுனையில் நின்று கையை ஆட்டி, "ஒண்ணு, ஒண்ணு, மறந்துடாதடி" என்று வழியனுப்பினாள். பெண் வழி முழுக்க ஒண்ணு ஒண்ணு என்று முணுமுணுத்தபடியே போனாள். அன்றைக்கு வந்த கணக்கில் மேலே x⁵, கீழே x³. அடித்துவிட்டால் மேலே இரண்டு x மிச்சம் நிற்கிறது. விடை x². இவள் பயத்தில் அதைக் கவனிக்காமல் ஒன்று என்று எழுதிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் பெஞ்சில் இருந்த மூன்று பேரும் சாரிடம் போய், இவளை எங்கள் சங்கிலியில் சேர்க்க வேண்டாம், மூன்று பேராகவே போட்டுக்கொள்கிறோம் என்று கேட்டுவிட்டார்கள். சார் முடியாது என்று சொல்லிவிட்டார். ஆனால் கேட்டது கேட்டதுதானே? அவள் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து முணுமுணுப்பும் நின்றது. கண்ணாடியில் பார்த்தால் உதடு ஒட்டிக் கிடந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வார வெள்ளிக்கிழமைதான் கடைசிச் சங்கிலி. அதோடு அடுக்குப் பாடம் முடிகிறது. அடுத்தது வட்டம், கோணம் என்று வேறு பாடம். அதில் சங்கிலி கிடையாது. வெள்ளிக்கிழமை யார் சுவர் மேசைக்குப் போகிறார்களோ, அவர்கள் வருஷக் கடைசி வரைக்கும் அங்கேதான் என்று சார் சொல்லிவிட்டார்.

"யாருன்னு எல்லாருக்கும் தெரியும். மேசைக்கு இப்பவே பேர் எழுதி ஒட்டிடலாம்," என்றான் புரொபசர்.

வியாழக்கிழமை காலையில் அவள் என் காதுக்குப் பின்னால் குனிந்து கேட்டாள்.

"தாத்தா, நாளைக்கு வண்டி ரிப்பேர்னு சொல்லிடுறீங்களா?"

"எதுக்கு?"

"நான் வரலைன்னா என் பெஞ்சு ஜெயிச்சிடும். நான் சும்மாவே அந்த மேசையில உட்கார்ந்துக்கறேன். அவங்களாவது மார்க்கு வாங்கட்டும்."

பொய் சொல்ல எனக்குப் பயம் கிடையாது. ஆனால் வண்டிக்குக் கெட்ட பெயர் வரும். அதனால் முடியாது என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள். எதற்கும் சரி என்கிற பிள்ளையை எனக்குப் பிடிக்காது. அடம் பிடித்தால்கூடத் தேவலை.

அன்று சாயங்காலம் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. சரக்கு ரயில் ஒன்று பாதி வந்து நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. எனக்கு முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு பேருந்து. திருப்பவும் வழியில்லை. என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

வாண்டு பசி என்று ஆரம்பித்தது. முதலில் சின்னதாக. பிறகு லாரிக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. ரெட்டையர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். தூங்குமூஞ்சிகூடக் கண்ணைத் திறந்தாள். புரொபசர், அழுவதால் பசி குறையாது என்று வாண்டுக்கு விளக்கம் சொன்னான். அது இன்னும் பலமாக அழுதது.

முணுமுணு தன் பையைத் துழாவி ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தாள். மத்தியானம் சாப்பிடாமல் வைத்திருந்தது. சாப்பாடே இறங்குவதில்லை அவளுக்கு. பிரித்துப் பார்த்தாள். ஆறு பிஸ்கட்.

மொத்தத்தையும் வாண்டிடம் கொடுத்துவிட்டு வாயை அடைத்திருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். அவள் எழுந்து, ரெட்டையர்களுக்கு ஒன்று ஒன்று, தூங்குமூஞ்சிக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று எடுத்தாள். புரொபசர் பக்கம் வந்ததும் எனக்கே கை கூசியது. அவனுக்குக் கொடுக்காதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கொடுத்துவிட்டாள். அவனும் வெட்கமே இல்லாமல் வாங்கிக்கொண்டான். கடைசி பிஸ்கட்டை வாண்டின் கையில் வைத்தாள்.

வாண்டு பிஸ்கட்டைப் பார்க்கவில்லை. பாக்கெட்டைப் பிடுங்கி உள்ளே எட்டிப் பார்த்தது. தலைகீழாகக் கவிழ்த்து உதறியது. துகள்தான் விழுந்தது.

"இல்ல... ஒண்ணுமே இல்ல..." என்று பழையபடி வாயைப் பிளந்தது.

ரெட்டையர்கள் சேர்ந்து சிரித்தார்கள். முணுமுணுவும் சிரித்துவிட்டாள். எத்தனையோ வாரம் கழித்து.

"பாக்கெட்டுக்குள்ள ஏன் தேடுற? உன் கையில என்ன இருக்கு பாரு," என்றாள்.

வாண்டு கையைப் பார்த்தது. அழுகை நின்றது. கடிக்க ஆரம்பித்தது.

ஆனால் முணுமுணு உட்காரவில்லை. கையில் தன் பிஸ்கட்டோடு அப்படியே நின்றாள். உதடு அசைய ஆரம்பித்தது. பிறகு நேராகப் புரொபசரிடம் போனாள்.

"டேய், மேல இருக்கறது பிஸ்கட். கீழ இருக்கறது ஆளு. அப்படித்தானே?"

"என்ன உளர்ற?"

"வகுக்கறதுன்னா பங்கு போடறதுதானே? ஆறு பிஸ்கட், ஆறு ஆளு. எல்லாம் காலி. ஆனா ஆளுக்கு ஒண்ணு."

புரொபசர் மென்றுகொண்டே, இதை சார் முதல் நாளே சொல்லிவிட்டாரே என்றான்.

"சார் பிஸ்கட் தரலையே," என்றாள் அவள்.

பிறகு அந்த வேனில் நடந்ததை நான் பாதிதான் புரிந்துகொண்டேன். x எத்தனையாக இருந்தாலும் சரி, x³ பிஸ்கட்டும் x³ ஆளும் இருந்தால் ஆளுக்கு ஒன்றுதான் வரும் என்றாள். நான் இத்தனை நாளும் காலிப் பாக்கெட்டைப் பார்த்துப் பூஜ்யம் என்று எழுதிவிட்டேன், கையைப் பார்க்கவில்லை என்றாள். அப்படியானால் x⁵ பிஸ்கட் இருந்து x³ ஆள் இருந்தால் என்று ரெட்டையர்கள் கேட்டார்கள். எக்ஸை இரண்டு என்று வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்றான் புரொபசர். இரண்டை ஐந்து தடவை பெருக்கினால் முப்பத்திரண்டு பிஸ்கட். மூன்று தடவை பெருக்கினால் எட்டு ஆள். ஆளுக்கு நான்கு. நான்கு என்பது இரண்டை இரண்டு தடவை பெருக்கினது. x².

"அதான் அன்னைக்கு நான் ஒண்ணுன்னு எழுதினது தப்பு. பிஸ்கட் நிறைய இருந்துச்சு," என்றாள் முணுமுணு.

தூங்குமூஞ்சி, கேட் திறந்துவிட்டார்கள் என்றாள். பின்னால் பேருந்துக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். நான்தான் கவனிக்கவில்லை.

அவளை அவள் வீட்டுத் தெருவில் இறக்கிவிடும்போது சொன்னேன், பாக்கெட் காலியாகத்தான் இருந்தது, நான் என் கண்ணால் பார்த்தேன் என்று.

"பாக்கெட் காலிதான் தாத்தா. அதை யாரும் கேக்கலையே. ஆளுக்கு எவ்வளவுன்னுதான் கணக்கு."

எனக்குச் சம்மதமில்லை. எல்லாம் அடிபட்டுப் போனபிறகு ஒன்று மிஞ்சும் என்கிறார்கள். என் வாழ்க்கையில் எத்தனையோ அடிபட்டுப் போயிருக்கிறது. மிஞ்சினதாக ஒன்றும் என் கண்ணில் படவில்லை. ஆனால் அதைச் சின்னப் பெண்ணிடம் சொல்வானேன்? வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பள்ளிக்கூடக் கேட்டுக்குப் பக்கத்திலேயே வண்டியைப் போட்டுவிட்டேன். அங்கே நிறுத்தக் கூடாது என்று காவல்காரர் வந்து சண்டை போட்டார். போடட்டும்.

முணுமுணு வந்தாள். முகத்தைப் பார்த்ததும் தோற்றுவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டேன். அவ்வளவு இருட்டாக இருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது? அவளாகவே சொன்னாள், அவள் பெஞ்சு சரியாகப் போட்டுவிட்டது என்று. மேலே x⁸, கீழே x⁸. எல்லாவற்றையும் அடித்தாள். ஒன்றுமே மிச்சமில்லாத அந்தத் தாளைப் பார்த்தாள். பழையபடி பூஜ்யம் போட வளைந்த பேனாவை நிறுத்தி, ஆளுக்கு எவ்வளவு என்று தன்னையே கேட்டாள். ஒன்று என்று எழுதினாள். பெஞ்சில் இருந்த மூன்று பேரும் இவள் முதுகில் தட்டினார்களாம்.

"பின்ன ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றேன்.

அவள் பின்னால் கையைக் காட்டினாள். புரொபசர் வந்துகொண்டிருந்தான். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். கண் சிவந்து வீங்கியிருந்தது.

அவன்தான் அவனுடைய பெஞ்சில் முதல் ஆள். கணக்கின் தொடக்கத்தில் (x²)³ என்று இருந்தது. x²-ஐ மூன்று தடவை எழுதிப் பெருக்க வேண்டும். ஆறு எக்ஸ் வரும். x⁶. இவன் எல்லாருக்கும் முன்னால் முடிக்கிற அவசரத்தில் இரண்டையும் மூன்றையும் கூட்டி x⁵ என்று எழுதித் தள்ளிவிட்டான். அடுத்த ஆளுக்கு இடித்ததாம். ஆனால் புரொபசர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று பேசாமல் மேலே போட்டுக்கொண்டு போய்விட்டான். கடைசியில் மேலே x⁷, கீழே x⁸. விடை எங்கேயோ போய் விழுந்தது. வேறு எந்தப் பெஞ்சும் அறுக்கவில்லை.

வருஷக் கடைசி வரைக்கும் சுவர் மேசை அவனுக்கு.

அவன் வேனில் ஏறினான். ரெட்டையர்கள் காலை ஒதுக்கி, "வழி விடுங்க, முட்டை..." என்று ஆரம்பித்தார்கள்.

"வாயை மூடுங்கடா," என்றாள் முணுமுணு. ரெட்டையர்கள் மூடிக்கொண்டார்கள்.

வண்டியை எடுத்தேன். வாண்டுகூட அழவில்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான். நன்றாக வேண்டும் இவனுக்கு என்று நினைத்தேன். கண்ணாடியைப் பார்த்தேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, முதுகு குலுங்காமல் அழப் பழகிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

திங்கள்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். புரொபசர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் வாய் திரும்பி வந்திருந்தது. ஏறும்போதே என்னிடம் புகார்.

"தாத்தா, இவ முழங்கை இடிக்குது. என்னால எழுதவே முடியல."

"அவ முழங்கை உன்னை எதுக்கு இடிக்குது? அவ பெஞ்சு அந்தப் பக்கம்தானே?"

அவன் போய் உட்கார்ந்துகொண்டான். அப்புறம் நான் பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டதில் விஷயம் வந்தது. காலையில் முதல் வகுப்பிலேயே இந்தப் பெண் தன் பையைத் தூக்கிக்கொண்டு சுவர் மேசைக்குப் போயிருக்கிறாள். வாசல் பக்கம் கிடந்த நாற்காலியையும் இழுத்துக்கொண்டு. தரையில் அது கிறீச்சிட்டதில் வகுப்பே திரும்பிப் பார்த்திருக்கிறது. உனக்குத்தான் பெஞ்சில் இடம் கிடைத்துவிட்டதே, இங்கே என்ன வேலை என்று சார் கேட்டாராம்.

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"அங்க தனியா இருந்தா, தப்பு எங்கன்னு கேக்க ஆள் இல்லை சார்னு சொன்னேன்."

"அவர்?"

"மேசையை ஒரு தடவை பார்த்தாரு. அப்புறம், சத்தம் வரக் கூடாதுன்னுட்டு போர்டு பக்கம் திரும்பிட்டாரு."

எனக்கு வந்ததே ஆத்திரம். ஆனால் மற்ற பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்போது பேசவில்லை. மறுநாள் காலை பள்ளிக்கூட வாசலில் எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகு அவளை மட்டும் நிறுத்தினேன்.

அந்த மேசையில் உட்கார்ந்து உட்கார்ந்து சோறு இறங்காமல் கிடந்தது யார்? அங்கிருந்து வெளியே வந்தால் போதும் என்று தவித்தது யார்? தப்பித்து வந்தவள் திரும்பிப் போய் மாட்டிக்கொள்வாளா? அதுவும் யாருக்காக? உன்னை முட்டை முட்டை என்று வாய் ஓயாமல் சொன்னவனுக்காக. இதையெல்லாம் கேட்டேன். ஒற்றை மேசையில் இரண்டு பேர் எப்படி எழுத முடியும் என்றும் கேட்டேன்.

"ரெண்டு பேருமே ஒல்லிதான் தாத்தா."

"விளையாடாதே. அவன் உனக்குத் தேங்க்ஸ் சொன்னானா?"

"இல்ல. முழங்கையை எடுன்னுதான் சொன்னான்."

"பார்த்தியா?"

"ஆனா மத்தியானம் என் தாளை எட்டிப் பார்த்து, ரெண்டாவது வரி தப்புன்னான். பார்த்தா தப்புதான். அவனோடதுல நாலாவது வரி தப்புன்னு நான் சொன்னேன். அதுவும் தப்புதான்." அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "அந்த இடத்துல உட்கார்ந்தா எப்படி இருக்கும்னு அவனுக்குத் தெரியாது தாத்தா. எனக்குத் தெரியும்."

"ரெண்டு நாள். மூணாவது நாள் நீயே எழுந்து ஓடி வந்துடுவே. இல்லைன்னா அவன் உன்னைத் துரத்திடுவான். எழுதி வெச்சுக்கோ."

"சரி தாத்தா. ஓடி வந்தா உங்ககிட்டதான் முதல்ல சொல்லுவேன்."

மணி அடித்தது. வாசலுக்கு உள்ளே புரொபசர் நின்றுகொண்டிருந்தான். சீக்கிரம் வரச் சொல்லிக் கையை ஆட்டினான். அவள் ஓடினாள். இரண்டு பேரும் ஏதோ சண்டை போட்டுக்கொண்டே படியேறிப் போனார்கள்.

எனக்கு நம்பிக்கையில்லை. அப்படியெல்லாம் நடக்காது. பிள்ளைகள் இரண்டு நாளைக்கு மேல் எதிலும் நிற்க மாட்டார்கள். பெரியவர்களே நிற்பதில்லை. வண்டிக் கதவைச் சாத்திவிட்டு, நடக்காது, நடக்காது என்று முணுமுணுத்துக்கொண்டே டீக்கடைப் பக்கம் நடந்தேன்.